முதல் காகித விமானமாக ஸ்பிட்ஃபயர் செய்யலாமா?

பழைய ப்ரொப்பெல்லர் விமானங்களைக் காகிதத்தில் அளவு விகிதம் மாறாமல் சிறிதாகச் செய்ய ஆசை, இரண்டாம் உலகப்போர்க் காலத்து பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரில் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பேன். விமானத்தின் புகழைப் பார்க்காதீர்கள், அதன் வளைவைப் பாருங்கள்.

காகிதம் ஓரிடத்தில் ஒரு திசையில்தான் வளையும். உருளையாகும், கூம்பாகும், பந்து மட்டும் ஆகாது. ஸ்பிட்ஃபயரிலோ எங்கே தொட்டாலும் இரட்டை வளைவு. நீள்வட்ட இறக்கை, அது உடலோடு சேருமிடத்தில் குழைந்து இறங்கும் தகடு, எல்லாமே அப்படித்தான். 1930களில் அந்த விமானத்தைத் தயாரித்தவர்களே அந்த இறக்கையோடு மல்லுக்கட்டினார்கள். உற்பத்தி தாமதமானதற்கு அதுவும் ஒரு காரணம். அவர்களாவது அலுமினியத் தகட்டைத் தட்டி நீட்டலாம். தாளை என்ன செய்வது?

முதலில் பைப்பர் ஜே-3 கப் என்ற சிறிய அமெரிக்க விமானத்தைச் செய்யுங்கள். 1938இல் தயாரிப்புக்கு வந்தது. எஃகுக் குழாய்ச் சட்டத்தின்மேல் துணியை இழுத்துப் போர்த்திய விமானம் என்பதால், அதன் வடிவம் தாளுக்கும் ஒத்துவரும். பக்கங்கள் தட்டை. இறக்கை முனையில் மட்டும் வட்டம், மற்ற இடமெல்லாம் ஒரே அகலம். நிஜத்தில் இறக்கை வீச்சு 10.74 மீட்டர், போலந்து, செக் வடிவமைப்பாளர்கள் வழக்கமாக்கிய 1:33 அளவில் சுமார் 32.5 செ.மீ. வரும். கிட்டத்தட்ட முழுக்க மஞ்சள், ஆகவே வெட்டு விளிம்பின் வெள்ளையை மறைக்க ஒரே வண்ணம் போதும். சிவப்பு ஃபொக்கர் டிரைடெக்கர் மீது கண் போகும். அதன் உடலும் எளிதுதான், ஆனால் மூன்று இறக்கைகளையும் ஒரே கோட்டில் நிறுத்துவது தலைவலி.

இரண்டாவதாக, ஜெர்மன் போர் விமானமான மெசர்ஷ்மிட் 109இன் ஈ வகை. உடலின் பின்பாதி கிட்டத்தட்ட நேரான கூம்பு, இறக்கை விளிம்புகளும் நேர்கோடுகள்.

உடலுக்கு 160 கிராம் தாள் (சதுர மீட்டருக்கு அந்த எடை) சரியாக இருக்கும், சிறு பாகங்களுக்குச் சாதாரண அச்சுத்தாள் போதும். எந்தத் தாளிலும் நாரோட்டம் உண்டு; உருளையின் நீளவாக்கில் நார் ஓடும்படி சுருட்டினால் மடிப்பு விழாமல் உருளும், நார் குறுக்கே ஓடினால் முறுக்கிக்கொண்டு நிற்கும். இங்க்ஜெட் அச்சு ஈரம் பட்டால் கலங்கும், வெட்டுவதற்கு முன்பே மெல்லிய வார்னிஷ் பூச்சு கொடுங்கள். லேசர் அச்சு மடிப்பில் உதிரும்.

உண்மையான வேலை உடல் துண்டுகளை இணைப்பதில் இருக்கிறது. ஒவ்வொரு துண்டின் வாயிலும் 1 மி.மீ. அட்டையில் வெட்டிய சட்டம் உட்காரும். அது மயிரிழை பெரிதாக இருந்தாலும் தாள் அங்கே புடைத்து, பட்டினி கிடந்த மாட்டின் விலா எலும்பு போல வரிவரியாகத் தெரியும். ஆகவே உப்புத்தாளில் சட்டத்தைத் தேய்த்துக் கொஞ்சம் தளர்வாகவே வையுங்கள். பசையில்லாமல் பொருத்திப் பார்த்து, இரண்டு துண்டுகளின் கோடுகளும் நேராகச் சேர்கின்றனவா என்று விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பிறகு விளிம்புக்கு நீர்வண்ணம், அது காய்ந்தபின் பசை. நீர் கலந்த வெள்ளைப் பசையை அதிகம் தடவினால் தாள் நெளிந்துவிடும். பல்குச்சி முனையில் எடுக்கும் அளவே ஏராளம்.

வட்ட எஞ்சின் கொண்ட விமானங்களுக்கு வரும்போது முன்மூடியின் உருண்ட உதடு சோதிக்கும். இதழ் இதழாக வெட்டிய தாளை உள்நோக்கி வளைத்து ஒட்டி, உள்பக்கம் சூப்பர் க்ளூ ஊறவிடுங்கள். தாள் இறுகிவிடும், மூட்டுகளைத் தேய்த்து வழவழப்பாக்கலாம். தேய்த்த இடத்தில் அச்சு போகும், தூரிகையால் தொட்டுவிட வேண்டியதுதான். அச்சிட்ட வண்ணத்தைத் தொடவே கூடாது என்ற தூய்மைவாதிகள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சு எனக்கு ஒத்துவருவதில்லை.

ப்ரொப்பெல்லர் தகடுகளைத் தட்டையாக விட்டுவிடாதீர்கள். நடுவே மெல்லிய கம்பி வைத்து இருபக்கமும் தாள் ஒட்டி, பசை முழுதும் காயுமுன் முறுக்குங்கள். மையத்தருகே முறுக்கு அதிகம், நுனியில் குறைவு.

இவை கைவந்தபின் ஸ்பிட்ஃபயருக்கு வாருங்கள். அதில் இறக்கை உடலோடு சேரும் அந்தத் துண்டு முதல் தடவையிலேயே ஒழுங்காக உட்காராது. அந்தப் பக்கத்தை மட்டும் நான்கைந்து பிரதி அச்சிட்டுக்கொள்ளுங்கள்.