பட்டாம்பூச்சி வேண்டும், புழு வேண்டாமா?

கேள்வி: பட்டாம்பூச்சிக்காகவே மாடி முழுக்கப் பூச்செடி வாங்கி வைத்தேன். பூவுக்குக் குறைவில்லை, ஆனால் எப்போதாவது ஒன்று வந்து ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போய்விடுகிறது. என்ன தவறு செய்தேன்?

பூவை மட்டும் வைத்ததுதான். பூ அதற்குத் தேன் குடித்துவிட்டுக் கிளம்புகிற இடம், அவ்வளவே. முட்டை வைக்க இலை வேண்டும், அதுவும் ஏதோ ஒரு இலை ஆகாது. பெண் பட்டாம்பூச்சி இலைமேல் உட்கார்ந்து காலால் தட்டித் தட்டிப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். ருசி பார்ப்பது காலால்தான். தன் புழு தின்கிற செடி இதுதான் என்று தெரிந்த பிறகே முட்டை வைக்கும். வெந்தய வரியன் என்கிற பட்டாம்பூச்சிக்கு எருக்கு, வெளிர்மஞ்சளாகக் கூட்டம் கூட்டமாகப் பறக்குமே அதற்கு ஆவாரையும் கொன்றையும், உடம்பு சிவந்த கறுப்புப் பட்டாம்பூச்சிக்கு ஈஸ்வரமூலி அல்லது ஆடுதின்னாப்பாளை. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் இருந்தாலே இரண்டு மூன்று வகை தேடி வரும். நம் மண்ணில் தானாக வளர்ந்த செடிகளோடு பழகிப் பழகி வந்த பூச்சிகள் இவை, வெளியூர் அலங்காரச் செடியின் இலையை அவற்றில் பலவும் சீண்டாது. எருக்கு வைத்தால் குழந்தைகளிடம் சொல்லி வையுங்கள், அதன் பால் கண்ணில் படவே கூடாது.

கேள்வி: கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஒரு புழு. இலையை எல்லாம் தின்கிறது. வேப்பெண்ணெய் அடிக்கலாமா? இயற்கை மருந்துதானே?

நீங்கள் காத்துக்கொண்டிருந்த விருந்தாளியே அதுதான்! சின்ன வயதில் எச்சம் போலத் தெரிவது பறவையை ஏமாற்றத்தான். அப்புறம் தோல் உரித்து உரித்துக் கடைசியில் இலைப் பச்சைக்கு மாறிவிடும். விரலால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போல ஒரு கொம்பை நீட்டி நாற்றம் விடும், கடிக்காது, பயப்படாதீர்கள்.

வேப்பெண்ணெய்க்கு வருகிறேன். அது புழுவைத் தின்னவிடாது, தோல் உரிக்கவும் விடாது. செடியைத் தின்கிற புழுவை ஒழிக்கத்தான் அதை அடிக்கிறோம், பட்டாம்பூச்சியின் புழுவும் அதே புழுதான், இயற்கை மருந்து என்பதால் ஆள் பார்த்துக் கொல்லாது. இதைவிட மோசம், நர்சரியில் வேர் வழியாக ஏற்றிய பூச்சிக்கொல்லி. இலை, தேன் எல்லாவற்றிலும் ஊறியிருக்கும், கழுவினாலும் போகாது. புதிதாக வாங்கிய செடியில் புழு காரணமில்லாமல் செத்து விழுந்தால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் இதுதான், அதனால் மருந்து வைத்ததா என்று கேட்டு வாங்குங்கள், முடிந்தால் விதை போட்டே வளர்த்துவிடுங்கள். செடி சின்னது, மொட்டையாகிவிடும் என்றால் புழுவை இலையோடு கிள்ளி வேறொரு கறிவேப்பிலைக்கோ எலுமிச்சைக்கோ மாற்றலாம். இரண்டு மூன்று வாரத்தில் அது தின்று முடித்துப் போய்விடும், செடி மறுபடி தளிர்க்கும். பட்டாம்பூச்சித் தோட்டம் என்பது பாதி கடிபட்ட இலைகளின் தோட்டம்தான், இது பிடிக்காதவர்கள் பிளாஸ்டிக் பூ வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: உன்னிச்செடியில்தான் பட்டாம்பூச்சி மொய்க்கிறது. அதையே வைத்தால் என்ன?

வேண்டாம். தேன் தரும், உண்மைதான். ஆனால் அது அமெரிக்க வெப்பப் பகுதியிலிருந்து வந்த செடி. பழத்தைப் பறவை தின்று விதையை எங்கெங்கோ போட, புதராக மண்டி மற்ற செடிகளை நெருக்கிவிடும். புழுக்கள் தின்ன வேண்டிய செடியும் அந்த நெருக்கடியில் போய்விடுமே. வெட்சி வையுங்கள், தும்பை முளைத்தால் பிடுங்காமல் விடுங்கள். இடம் இருந்தால் கிலுகிலுப்பை: வெந்தய வரியன் போன்ற வரியன் வகைப் பட்டாம்பூச்சிகளில் ஆண்கள் அதன் காய்ந்த தண்டையும் இலையையும் சுரண்டி உறிஞ்ச வரும், தங்கள் இணையை ஈர்க்கும் வாசனைக்கு வேண்டிய சரக்கு அதில் இருக்கிறது. வெட்டுக்காயப் பூண்டும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதானே என்று கேட்பீர்கள். ஆமாம், ஆனாலும் என் தொட்டியில் அதைப் பிடுங்குவதில்லை. குட்டிப் பட்டாம்பூச்சிகள் அதில் உட்காரும்போது மனசு வரவில்லை.

கேள்வி: பறவைகள் புழுவைக் கொத்திக்கொண்டு போகின்றன. வலை கட்டலாமா?

கட்ட வேண்டாம். தானியம் தின்கிற சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்குப் பூச்சியும் புழுவும்தான் ஊட்டும். முட்டைகளில் பெரும்பாலானவை பட்டாம்பூச்சி ஆவதே இல்லை, எறும்பு, குளவி, பறவை என்று பங்குக்காரர்கள் அதிகம். அதனால்தான் அவ்வளவு முட்டை.

கேள்வி: கொழுத்த புழு திடீரென்று காணாமல் போய்விட்டது. செத்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. கூட்டுப்புழுவாக மாறும் நேரத்தில் பல வகைகள் செடியை விட்டு நடந்துபோய்விடும். தொட்டியின் விளிம்பு, சுவர், பக்கத்துக் குச்சி எல்லாம் பாருங்கள், அங்கே சுருண்ட இலை மாதிரி ஒன்று தொங்கும். காய்ந்த குச்சிகளை உடனே கூட்டித் தள்ளாதீர்கள். கதகதப்பான நாட்களில் சுமார் 10 நாளில் வெளியே வரும், குளிர்ந்தால் இன்னும் இழுக்கும். வருவதற்கு முந்தைய நாள் தோல் வழியாகவே இறக்கையின் நிறம் தெரியும். ஆசையில் பிய்த்துச் சின்ன டப்பாவில் போட்டுவிடாதீர்கள், வெளியே வந்ததும் தொங்கித்தான் இறக்கையை விரிக்கும், இடம் போதாவிட்டால் மடங்கியபடியே காய்ந்துவிடும். நான் ஒன்றை அப்படிக் கெடுத்திருக்கிறேன்.