ஆட்டோமேஷன் கிரெடென்ஷியல்கள்: கேள்வி பதில்

என்எய்ட்என் (n8n), மேக் (Make), ஜாப்பியர் (Zapier) போன்றவை பல ஆப்களை இணைத்து வேலைகளைத் தானாக ஓடவைக்கும் கருவிகள்; அப்படி ஓடும் வேலைத் தொடர்தான் வொர்க்ஃப்ளோ. இவற்றில் மற்ற ஆப்களை இணைக்கும் லாகின் விவரங்கள், அதாவது கிரெடென்ஷியல்கள் பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். நான் அதிகம் புழங்குவது என்எய்ட்என், அதனால் உதாரணங்களும் பெரும்பாலும் அதிலிருந்தே.

கேள்வி: அக்கா, கூகுள் ஷீட்ஸ் இணைத்த வொர்க்ஃப்ளோ ஒரு வாரம் ஓடுகிறது, பிறகு நின்றுவிடுகிறது. திரும்ப லாகின் செய்தால் இன்னொரு வாரம் ஓடுகிறது. ஏன்?

பதில்: கோளாறு வொர்க்ஃப்ளோவில் இல்லை தம்பி. கூகுள் கிளவுட் கன்சோலில் நீங்கள் உருவாக்கிய ஓஆத் ஆப் (பாஸ்வேர்டைக் கொடுக்காமல் அனுமதி மட்டும் பெறும் முறைக்கான பதிவு) இன்னும் ‘டெஸ்டிங்’ நிலையில் இருக்கும், பாருங்கள். பயனர் வகை ‘எக்ஸ்டர்னல்’, நிலை ‘டெஸ்டிங்’ என்றால் கூகுள் தரும் ரெஃப்ரெஷ் டோக்கன் 7 நாளில் காலாவதியாகிவிடும்.

ஷீட்டைத் திறப்பது ஆக்சஸ் டோக்கன் என்னும் அனுமதிச் சீட்டு. அதன் ஆயுள் சுமார் ஒரு மணி நேரம்தான். அது முடிந்ததும் ரெஃப்ரெஷ் டோக்கனைக் காட்டி, கருவியே புதிதாக ஒன்றை வாங்கிக்கொள்ளும். அந்த ரெஃப்ரெஷ் டோக்கனே செத்துவிட்டால் நீங்கள்தான் வந்து லாகின் செய்ய வேண்டும். ஆப்பை ‘ப்ரொடக்ஷன்’ நிலைக்கு மாற்றி, ஒருமுறை மீண்டும் இணைத்துவிடுங்கள். நிறுவன வொர்க்ஸ்பேஸ் கணக்கு என்றால் ‘இன்டர்னல்’ என்று வைத்தாலே போதும்.

இன்னொன்று: ஜிமெயில் அனுமதி உள்ள இணைப்பு, அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினாலும் அறுந்துபோகும். ‘யாரும் எதையும் தொடவில்லை’ என்று சொல்லும் இடங்களில் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஒருவர் வேலையை விட்டுப் போனார். அவர் கணக்கை மூடியதும் பாதி வொர்க்ஃப்ளோக்கள் படுத்துவிட்டன. இனி எப்படித் தடுப்பது, மேடம்?

பதில்: இணைப்பு வேலைக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், ஆளுக்கு அல்ல. நான் அடித்துச் சொல்வது இது ஒன்றைத்தான். ஆட்டோமேஷனுக்கென்று தனிக் கணக்கு வையுங்கள். கூகுளில் சர்வீஸ் அக்கவுண்ட் (ஆளுக்கு அல்ல, மென்பொருளுக்கான கணக்கு) உருவாக்கி, அதன் மின்னஞ்சல் முகவரிக்குத் தேவையான ஷீட்டை மட்டும் பகிரலாம். ஜிமெயிலுக்கு மட்டும் இது நேரடியாகப் போதாது, வொர்க்ஸ்பேஸ் நிர்வாகி டொமைன் அளவில் அனுமதி தர வேண்டும்.

பெயரிலும் கவனம் வேண்டும். ‘கூகுள் 3’ என்று இருந்தால் ஆறு மாதம் கழித்து யாருக்கும் விளங்காது. எந்தக் கணக்கு, எதற்கு, சோதனையா நேரடிப் பயன்பாடா என்பது பெயரிலேயே தெரியட்டும். ஒருவர் விலகும்போது அவர் பெயரில் என்னென்ன இணைப்புகள் இருக்கின்றன என்று பார்த்து மாற்றிய பிறகே கணக்கை மூடுங்கள்.

கேள்வி: சர்வர் மாற்றினேன். டேட்டாபேஸை அப்படியே கொண்டுவந்தும் கிரெடென்ஷியல் எதையும் திறக்க முடியவில்லை.

பதில்: என்எய்ட்என் அவற்றை என்கிரிப்ஷன் கீயால் பூட்டித்தான் டேட்டாபேஸில் வைக்கிறது. நீங்களாகக் கீ கொடுக்காவிட்டால் முதல்முறை ஓடும்போது அதுவே ஒன்றை உருவாக்கித் தன் கான்ஃபிக் கோப்பில் எழுதிக்கொள்ளும். பெட்டி வந்துவிட்டது, சாவி பழைய சர்வரிலேயே தங்கிவிட்டது. பழைய சர்வர் இருந்தால் அந்தக் கீயை எடுத்து, புதியதில் என்விரான்மென்ட் வேரியபிளாக (கருவி தொடங்கும்போது படித்துக்கொள்ளும் அமைப்பு மதிப்பாக) கொடுங்கள். கீ அழிந்துவிட்டது என்றால் வேறு வழியில்லை, எல்லாவற்றையும் புதிதாக உள்ளிட வேண்டியதுதான். கீயை டேட்டாபேஸ் பேக்கப்போடு ஒரே இடத்தில் வைக்காதீர்கள், இரண்டும் சேர்ந்து ஒருவர் கையில் சிக்கினால் பூட்டியதற்கே பொருளில்லை.

கேள்வி: ‘ரீடைரக்ட் யூஆர்ஐ மிஸ்மேட்ச்’ என்று வருகிறது.

பதில்: ரீடைரக்ட் யூஆர்ஐ என்பது லாகின் முடிந்ததும் உங்களைக் கருவிக்குத் திருப்பி அனுப்பும் முகவரி; அது இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லை என்கிறது. கருவி காட்டும் முகவரியை அப்படியே நகலெடுத்து ஓஆத் ஆப் அமைப்பில் ஒட்டுங்கள். எச்டிடிபியா எச்டிடிபிஎஸ்ஸா என்பதும், போர்ட் எண்ணும், கடைசிச் சாய்கோடும்கூட ஒத்துப்போக வேண்டும்.

கேள்வி: வொர்க்ஃப்ளோவை எக்ஸ்போர்ட் செய்த ஜேசான் கோப்பை நண்பருக்கு அனுப்பலாமா? பாஸ்வேர்டும் சேர்ந்து போய்விடுமா?

பதில்: சேமித்த கிரெடென்ஷியலின் பெயரும் அடையாள எண்ணும்தான் போகும், ரகசியம் போகாது. ஆனால் எச்டிடிபி ரிக்வெஸ்ட் நோடை (வேறொரு இணையச் சேவையை அழைக்கும் படியை) கர்ல் கட்டளையை (அந்த அழைப்பை எழுத்தாக எழுதிய கட்டளையை) ஒட்டி உருவாக்கியிருந்தால், அழைப்போடு போகும் ஹெடர் பகுதியில் ஏபிஐ கீ (அந்தச் சேவையின் ரகசியச் சாவி) அப்படியே கிடக்கலாம். அனுப்புமுன் கோப்பைத் திறந்து தேடிப் பாருங்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால், கோப்பை அழித்தது போதாது. அந்தக் கீயை இன்றே ரத்து செய்து புதியது எடுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு வொர்க்ஃப்ளோவுக்கும் தனித்தனி கூகுள் இணைப்பு வைப்பது நல்லதுதானே?

பதில்: அளவோடு வையுங்கள். ஒரு கூகுள் கணக்குக்கு, ஒரு ஓஆத் கிளையண்டில் (ஆப்புக்குக் கூகுள் தரும் அடையாளத்தில்), 100 ரெஃப்ரெஷ் டோக்கன்கள்தான் உயிரோடு இருக்கும். அதைத் தாண்டினால் எச்சரிக்கையே இல்லாமல் மிகப் பழையது செல்லாததாகிவிடும். படிப்பதற்கு ஒன்று, எழுதுவதற்கு ஒன்று என்று அனுமதியைப் பொறுத்துப் பிரியுங்கள்.