மேடை நடுக்கம்: முதலில் காதைக் கவனியுங்கள்

பாலக்காட்டில் கல்லூரி மாணவர்களுக்கு ஒலியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது பாடுகிறவர்களின் மேடை நடுக்கத்தோடு மல்லுக்கட்டுகிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளில் சில.

கல்பாத்தி மாணவி: வீட்டில் தைரியமாகப் பாடுகிறேன், மாமா. உற்சவப் பந்தலில் என் குரலே எனக்குக் கேட்பதில்லை. பதறிக் கத்துகிறேன், சுருதி விலகுகிறது.

கேட்காததால் கத்துகிறாய். கத்தியதில் தொண்டை இறுகுகிறது. அந்த இறுக்கத்தை உடம்பு பயம் என்று எடுத்துக்கொள்கிறது. சுற்றிலும் சத்தம் இருந்தால் நம்மை அறியாமல் குரல் உயரும் என்று லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இலேயே எழுதிவிட்டார். வீட்டுச் சுவர் இரண்டு மீட்டரில் இருக்கிறது. பாடியது கண்ணிமைப்பதற்குள் திரும்பிவிடும். பந்தலில் போனது போனதுதான். உன்னைப் பார்த்து வைக்கிற மானிட்டர் ஸ்பீக்கரில் உன் குரலும் தம்பூராவும் மட்டும் போதும் என்று மைக்செட்காரரிடம் சொல். மிருதங்கம் பக்கத்திலேயே முழங்குகிறது, அது வேறு எதற்கு?

ஒரு பையனைப் புழைப் படிக்கட்டில் ஆற்றைப் பார்த்து உட்காரவைத்தேன். முதல் நாள் வர்ணத்தின் பல்லவியிலேயே கழுத்து நரம்பு புடைத்தது. காதுக்குப் பின்னால் ஒரு கையைக் குவித்துக்கொண்டு பாதி பலத்தில் பாடச் சொன்னேன். எட்டாம் நாள் கையைத் தானாகவே எடுத்துவிட்டான். நீயும் அங்கே போய்ப் பாடு.

சித்தூர், ஒரு தாயார்: காலையில் காலி மண்டபத்தில் மகள் குரல் கணீரென்று இருந்தது. மாலையில் வறண்டுபோனது. கண் பட்டுவிட்டதா, சார்?

கண் இல்லை, கூட்டம். உட்கார்ந்திருக்கும் ஒருவர் சுமார் அரைச் சதுர மீட்டர் திறந்த ஜன்னல் அளவுக்கு ஒலியை விழுங்குகிறார். 20 மீட்டர் நீளம், 14 அகலம், 7 உயரமுள்ள மண்டபம் என்று வையுங்கள். காலியாக இருக்கையில் அது 120 சதுர மீட்டர் அளவுக்கு ஒலியை உறிஞ்சினால், கார்வை, அதாவது பாடி நிறுத்திய பிறகும் சுவர்களில் மோதி நீடிக்கும் ஒலி, அடங்க 2.6 நொடி ஆகும். 300 பேர் வந்து உட்கார்ந்தால் 1.2 நொடிகூடத் தாங்காது. ஹார்வர்டில் சாபின் என்பவர் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துபோய் வைத்துவைத்துக் கண்ட கணக்கு இது. மகள் காலையில் கேட்ட குரலைத் தேடி மாலையில் தவித்திருக்கிறாள். ஒத்திகையின்போதே அவளிடம் சொல்லிவையுங்கள்: "சாயங்காலம் இதில் பாதிக் கார்வைதான் இருக்கும்."

கொல்லங்கோடு: படபடப்புக்கு நண்பர் ஒரு மாத்திரை தருகிறார். போடலாமா?

கூடாது. படபடப்புக்குப் பலர் போடுகிற பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆபத்து. மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை நாலு எண்ணி மூச்சை இழுத்து, எட்டு எண்ணி விடுங்கள். வெளிமூச்சு நீண்டால் இதயத் துடிப்பு நிதானப்படும்.

செங்கோட்டை: மைக் இல்லாமல் பாடிப் பழகினால் பயம் போகுமா, ஐயா?

சிறிய கூடத்தில் போகும். நம் மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் மைக்கை விரும்பாதவர். ஆனால் திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறைந்துவிடும். அங்கே வீம்பு பிடித்தால் தொண்டைதான் கட்டும்.

மீண்டும் கல்பாத்தி: மேடையில் ஜீரகத் தண்ணீர் வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. குடிக்கிற தண்ணீர் குரல் நாண்களைத் தொடாது, உணவுக் குழாயில் போய்விடும். அதனால் காலையிலிருந்தே குடித்து வா. மேடையில் குடிப்பது வாய் வறட்சிக்கு மட்டும். பிளாஸ்க் மூடியை முன்கூட்டியே தளர்த்தி வை. நடுங்குகிற கையால் திறக்க வராது.