நாத்தனார் வீட்டு நர்சரியும் நாலாவது மாதச் சீட்டும்

கேள்வி: போச்சம்பள்ளி பக்கம் நார் மில்களில் கழிவாகக் கிடக்கும் நார்த்தூளை வாங்கிக் கழுவி, காயவைத்து, 650 கிராம் கோகோபிட் கட்டியாக அடித்து விற்கிறோம். பி.எம்.இ.ஜி.பி. (சுயதொழிலுக்கான மத்திய அரசு மானியத் திட்டம்) கடனில் மெஷின் போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. மாதத் தவணை 16,000. மாதம் 6,000 கட்டி போகிறது. கட்டிக்கு அடக்கம் 19 ரூபாய், வெளிக்கடைகளுக்கு 28 ரூபாய். இதில் 2,500 கட்டி ஓசூரில் நர்சரி வைத்திருக்கும் நாத்தனார் வீட்டுக்காரருக்கு 23 ரூபாய்க்குப் போகிறது. பணம் நாலு மாதம் கழித்துத்தான் வரும். கூலிக்கும் அடுத்த லோடுக்கும் பணமில்லாமல் 5 லட்சம் ஏலச்சீட்டை (20 பேர், 20 மாதம்) நாலாவது மாதமே 1,40,000 தள்ளி எடுத்தேன். இப்போது பத்தாவது தவணை கட்டியாயிற்று. வீட்டுச் செலவுக்கே திண்டாட்டம். ஒரு கம்பெனி 12 லட்சத்துக்குப் பெரிய மெஷின் தந்து, அடிக்கும் கட்டியைத் தாங்களே வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறது. முன்பணத்துக்கு இன்னொரு சீட்டில் சேரலாமா?
– வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: சேர வேண்டாம், சகோதரி. மெஷினை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த 2,500 கட்டியைப் பார்ப்போம்.

மாதம் 57,500 ரூபாய் சரக்கு, நாலு மாதக் கடன் என்றால் எப்போதும் 2,30,000 ரூபாய் ஓசூரில் நிற்கிறது. அடக்க விலையில் மட்டும் 1,90,000. அந்த ஓட்டையை அடைக்கத்தான் சீட்டை எடுத்தீர்கள்.

சீட்டு என்ன விலைக்கு வந்தது? கைக்கு வந்தது 3,60,000. அதில் முதல் மூன்று மாதம் நீங்களே கட்டிய சுமார் 57,000-மும், எடுத்த மாதத் தவணை 19,000 சொச்சமும் உங்கள் பணம். உண்மையான கடன் 2,84,000தான். அதற்குப் பிறகு 16 மாதம், கசர் (மற்றவர்கள் தள்ளி எடுப்பதில் உங்கள் பங்காக வரும் கழிவு) போக சராசரி 22,000 வீதம் கட்டினால் 3,52,000 ஆகும். 68,000 ரூபாய் வட்டி, அதுவும் மாதாமாதம் குறைந்துகொண்டே வரும் அசலுக்கு. கணக்கு போட்டால் நூற்றுக்கு மாதம் இரண்டரை ரூபாய்க்கு மேல் வருகிறது. சீட்டுக்கு வட்டி இல்லை என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

அந்த வட்டியை 1,90,000 மீது போட்டால் மாதம் 4,750. ஓசூர் கட்டி ஒன்றுக்கு ஏறக்குறைய 2 ரூபாய். 23-ல் அடக்கம் 19 போக மிஞ்சும் 4 ரூபாயில் பாதி அங்கேயே போய்விட்டது. வெளிக்கடை லாபம் 31,500, ஓசூர் லாபம் 10,000, ஆக 41,500. தவணை 16,000, சீட்டு 22,000 போனால் வீட்டுக்கு 3,500. திண்டாட்டம் ஏன் என்று இனி கேட்க வேண்டியதில்லை.

இதை நாத்தனார் வீட்டுக்காரரிடம் உங்கள் கணவர் பேசட்டும். நீங்கள் பேசினால் அண்ணி கணக்குப் பார்க்கிறாள் என்று நாத்தனார் வீட்டில் முடித்துவிடுவார்கள். பேச்சும் ஒரே வரிதான்: இந்த லோடு பணம் ஒரு மாதத்தில், பழைய பாக்கியில் மாதம் 28,750. ஆறு மாதத்தில் 1,72,500 ரூபாய் உங்களிடம் திரும்பி வரும். இன்னொரு சீட்டு போட்டுத் தேட நினைத்த பணம் இதுதான். முடியாது என்றால் லோடு நிற்கட்டும். அந்த 10,000 லாபத்தை ஈடுகட்ட வெளியே கூடுதலாக ஏறக்குறைய 1,100 கட்டி விற்றால் போதும்.

எடுத்த சீட்டை ஒழுங்காகக் கட்டி முடியுங்கள். பாக்கி பத்துத் தவணையையும் முன்கூட்டியே அடைப்பதில் லாபம் இல்லை; வரவிருக்கும் கசர்தான் போகும். நடைமுறை மூலதனத்துக்கு வங்கியில் சி.சி. (கேஷ் கிரெடிட், வேண்டும்போது எடுத்துக் கட்டும் கடன்) கேளுங்கள். சிறு தொழிலுக்கு ஆண்டு விற்பனையில் 20 சதவீதம் என்பது வங்கிகளின் வழக்கமான அளவுகோல். உங்கள் விற்பனை ஆண்டுக்கு 18.6 லட்சம், 3.7 லட்சம் வரை கேட்கலாம். வட்டி மாதம் ஒரு ரூபாயை ஒட்டி இருக்கும். ஆனால் விற்பனைப் பணம் முழுதும் நடப்புக் கணக்கு வழியாக வர வேண்டும். ஓசூர் பணம் கையில் ரொக்கமாக வந்தால் வங்கி கண்ணில் அது விற்பனையே இல்லை. வெளிக்கடை பில்லில் உத்யம் எண்ணை (சிறுதொழில் பதிவு எண்) அச்சடியுங்கள். எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி அவர்கள் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். அந்த எண்ணைக் கண்டால் கணக்கர்கள் கொஞ்சம் வேகமாகக் கையெழுத்துப் போடுவார்கள்.

இப்போது மெஷின். உங்கள் மெஷின் பாதி நாள் சும்மா நிற்கிறது என்றே ஊகிக்கிறேன். கழுவிய நார்த்தூள் தன் எடையைப் போல் பல மடங்கு தண்ணீர் பிடித்துக்கொள்ளும். களத்தில் இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் குவித்தால் அடிப்பக்கம் காயாது. ஈரம் 18 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது அடித்தால் கட்டி பாக்கெட்டுக்குள்ளேயே உப்பி விரிசல் விடும், பூஞ்சை பிடிக்கும். ஐப்பசி மழையில் களம் மூடிக் கிடக்கும்போது 12 லட்சம் மெஷின் எதை அடிக்கும்?

திரும்ப வாங்கும் ஒப்பந்தத்தில் தர நிபந்தனையைப் படியுங்கள். இ.சி. (உப்பின் அளவைக் காட்டும் எண்) 0.5-க்குள், ஈரம் 15 சதவீதத்துக்குள் என்று இருக்கும். அளப்பதும் நிராகரிப்பதும் அவர்கள். மெஷின் விற்றதோடு அவர்கள் லாபம் முடிந்தது, உங்கள் தவணை அன்றுதான் தொடங்கும். விலையும் அளவும் ஆண்டுக் கணக்கும் எழுத்தில் இல்லாவிட்டால் பக்கத்தில் போகாதீர்கள். பசுமைத் தொழில், கார்பன் கிரெடிட் என்றெல்லாம் சேர்த்துச் சொன்னால் இன்னும் இரண்டடி தள்ளி நில்லுங்கள்.

மழைக்கால நார்த்தூளை மட்க வையுங்கள். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக முறை எளிது: ஒரு டன்னுக்கு 5 பாட்டில் சிப்பிக்காளான் வித்து, 5 கிலோ யூரியா. நூறு கிலோ பரப்பி ஒரு பாட்டில் வித்து, மேலே நூறு கிலோ பரப்பி ஒரு கிலோ யூரியா என்று மாற்றி மாற்றிப் பத்து அடுக்கு, நிழலில். பிழிந்தால் சொட்டாத ஈரம் இருக்கட்டும். கறுத்து மண் வாசம் வந்ததும் மாடித்தோட்டக் கலவையாக மூட்டையில் போகும். உரம் என்று அச்சடித்தால் 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்துவிடும்; வட்டார வேளாண் அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பை அடியுங்கள்.