கைப்பேசியைப் பறிப்பதற்கு முன்

கேள்வி: என் மகளுக்கு வயது 13, எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய முகத்தை ஸ்டிக்கராக்கி, உடன் படிக்கும் சிலர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாதமாகக் கேலி செய்து வருவது இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இரவு வெகுநேரம் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். காலையில் வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போக மறுக்கிறாள். கைப்பேசிக்கு அடிமையாகிவிட்டாள், வாங்கி வைத்துவிடுவோம் என்கிறார் என் கணவர். செய்யலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: இப்போது அப்படிச் செய்யாதீர்கள். கேலிக்கு ஆளான பிள்ளைகள் பலர் வீட்டில் வாய் திறக்காததற்குக் காரணமே, சொன்னால் கைப்பேசி பறிபோகும் என்ற அச்சம்தான். கேலி செய்தவர்களை விட்டுவிட்டுத் தனக்குத் தண்டனை கொடுத்ததாகவே அவள் எடுத்துக்கொள்வாள். அடுத்த முறை இதைவிடப் பெரிய ஆபத்து வந்தாலும் உங்களிடம் சொல்லமாட்டாள்.

நள்ளிரவு வரை அவள் விழித்திருப்பதை உடனே அடிமைத்தனம் என்று முடிவு கட்டவும் வேண்டாம். தன்னைப் பற்றி அடுத்து என்ன போடப் போகிறார்களோ என்ற பதற்றத்தில் குழுவைத் திறந்து திறந்து பார்ப்பது, மகிழ்ச்சிக்காக விளையாட்டிலோ வீடியோவிலோ மூழ்குவதிலிருந்து முற்றிலும் வேறானது. உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டில் வீடியோ விளையாட்டுக் கோளாறைச் சேர்த்திருக்கிறது. ஆனால் படிப்பும் உறவுகளும் கடுமையாகக் கெடும் அளவுக்குக் கட்டுப்பாடிழந்த நிலை, பொதுவாகப் 12 மாதங்களாவது நீடித்தால்தான் அதற்கும் அந்தப் பெயர். உங்கள் மகளின் சிக்கலுக்குத் தொடக்கம் கேலி; தூக்கமின்மையும் வயிற்றுவலியும் அதைத் தொடர்ந்து வந்தவையாகவே தோன்றுகின்றன. அந்த வலி நடிப்பு அல்ல, மன அழுத்தம் இந்த வயதில் பல நேரங்களில் உடல்வழியாகவும் வெளிப்படும். ஆனாலும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

முதலில் அவளுடன் உட்கார்ந்து, அனுப்பியவரின் எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அனுப்பியவர்கள் எந்த நேரமும் அழித்துவிடக்கூடும் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. அதன்பின் குழுவிலிருந்து வெளியேறுவதா என்பதை அவளே தீர்மானிக்கட்டும். குழுவுக்குள் புகுந்து நீங்கள் சண்டையிட்டால் அதுவே அடுத்த கேலிக்குப் பொருளாகிவிடும். வகுப்பு ஆசிரியரையும் தலைமை ஆசிரியரையும் நேரில் பார்த்து, எழுத்துமூலம் புகார் கொடுங்கள். படத்தை ஆபாசமாக மாற்றியிருந்தால் அது போக்சோ சட்டமும் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் தண்டிக்கும் குற்றம். அந்தப் படத்தை உறவினர் உட்பட யாருக்கும் அனுப்பாமல் 1098 குழந்தைகள் உதவி எண்ணையோ காவல்துறையையோ அணுகுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம்.

தூக்கத்தைப் பொறுத்தவரை, இரவில் எல்லோருடைய கைப்பேசியும், உங்களுடையதும் உங்கள் கணவருடையதும் உட்பட, கூடத்திலேயே இருக்கட்டும். எல்லோருக்கும் பொதுவான விதியென்றால் அவளுக்கு அது தண்டனையாகத் தெரியாது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். வாழப் பிடிக்கவில்லை என்று அவள் சொன்னாலோ, கையில் கீறிக்கொண்ட தடம் தெரிந்தாலோ, தனியே விடாமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.