வேலூரில் பணம் கட்டும் மோதிரம் வாங்கலாமா?

கேள்வி: "வேலூரில் இருக்கிறேன். விரலில் போட்டுக்கொண்டு மெஷினில் காட்டினால் பணம் போகிற மோதிரம் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். தினசரி செலவுக்கு உதவுமா?"

ஐடா ஸ்கடர் ரோட்டில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பில் போடுகிறேன். என் அப்பா ஒரு வருடமாக இந்த மோதிரத்தைப் போட்டிருக்கிறார். கல்லாவுக்கு இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மோதிரம் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் நம் ஊரில் பெரும்பாலான சின்னக் கடைகளில் அதற்கு வேலையே கிடையாது. யாருடைய விரலுக்கு வாங்குகிறீர்கள், அந்த விரல் எந்தக் கடைக்குப் போகிறது என்பதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அப்பா குடியாத்தத்தில் நாற்பது வருடம் லுங்கி நெய்தவர். இப்போது வயது எழுபது தாண்டிவிட்டது, வலது கையில் நடுக்கம். மாதா மாதம் சர்க்கரை மாத்திரை வாங்க எங்கள் கடைக்குத்தான் வருவார். நான் கட்டிவிடுகிறேன் என்றால் கேட்க மாட்டார், "என் காசுலதான் வாங்குவேன்" என்பார். ஒரு நாள் சாயங்காலம் ஃபோனில் பின் நம்பர் போடப் போனார். நான்கை அழுத்தினால் ஐந்தில் விழுகிறது. மூன்றாவது முறையும் தப்பாகி, அன்றைக்கு முடங்கிவிட்டது. பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அறுந்த இழையை அரை இருட்டில் முடிச்சுப் போட்ட கை அது. அன்றிரவே மோதிரம் தேட ஆரம்பித்தேன்.

உள்ளே பேட்டரி கிடையாது, சார்ஜும் போட வேண்டாம். ஒரு சிப், மெல்லிய கம்பிச் சுருள், அவ்வளவுதான். ஸ்வைப் மெஷின் 13.56 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையை விடுகிறது. மோதிரம் சில சென்டிமீட்டர் தூரத்துக்குள் வந்ததும் அந்த அலையிலிருந்தே சிப்புக்கு மின்சாரம் கிடைக்கிறது. தட்டிப் பணம் கட்டுகிற கார்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் விசா நிறுவனம் தன் ஆதரவில் இருந்த வீரர்களுக்கு இப்படி ஒரு மோதிரம் கொடுத்தது. அப்புறம் ரூபே வழியாக நம் நாட்டிலும் வந்தது. அப்பாவுடையது ப்ரீபெய்டு. ஆப்பில் நான் பணம் ஏற்றுவேன், அதிலிருந்து போகும்.

அவர் கையை மடக்கி, மோதிரம் இருக்கிற பக்கத்தை மெஷின் திரைமேல் ஊன்றிக்கொள்வார். ஊன்றிவிட்டால் நடுக்கம் நின்றுவிடுகிறது. ஒரு நொடியில் பீப் சத்தம், சீட்டு வந்துவிடும். 5000 ரூபாய் வரைக்கும் பின் கேட்காது, 2021 ஜனவரியிலிருந்து ரிசர்வ் வங்கி வைத்திருக்கிற வரம்பு அது. முதல் தடவை சீட்டு வந்ததும் அதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இன்னமும் வைத்திருக்கிறார்.

சரி, எங்கே செல்லும்? எங்கள் ரோட்டில் கவலையே இல்லை. சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஆட்கள் வருவதால் மருந்துக் கடை, லாட்ஜ் என்று நிறைய இடங்களில் மெஷின் இருக்கிறது. பெட்ரோல் பங்க், சூப்பர் மார்க்கெட், பெரிய ஜவுளிக் கடையிலும் செல்லும். நேதாஜி மார்க்கெட்டில் முள்ளுக் கத்திரிக்காய் வாங்கப் போனால் க்யூ.ஆர். அட்டையும் சவுண்ட் பாக்ஸும்தான். டீக்கடை, பூக்கடை, ஷேர் ஆட்டோ எல்லாம் அப்படித்தான். மோதிரத்தால் க்யூ.ஆர். படிக்க முடியாது. கடைக்காரர்களைக் குறை சொல்லவும் முடியாது. மெஷினுக்கு வாடகை, ப்ரீபெய்டு கார்டுக்குக் கமிஷன். யு.பி.ஐ.யில் வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கிலிருந்து வரும் பணத்துக்கு 2020இலிருந்து கமிஷனே கிடையாது. கீரைக்கட்டு விற்கிறவர் மெஷின் வைத்து என்ன செய்வார்?

பஸ் கூட்டத்தில் யாராவது மெஷினை விரல்கிட்டே கொண்டுவந்து பணத்தை எடுத்துவிடுவார்களா என்று அம்மாவும் கேட்டார். மெஷின் ஒவ்வொன்றும் யாரோ ஒரு வியாபாரியின் வங்கிக் கணக்கோடு இணைந்தது. தொகையை அடித்து, விரலுக்கு ஒட்டினாற்போலக் கொண்டுவர வேண்டும். நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். அதனால்தான் நான் 1500 ரூபாய்க்கு மேல் ஏற்றுவதில்லை. மோதிரம் தொலைந்தால் அந்த நிமிடமே ஆப்பில் முடக்கிவிடலாம்.

அளவு விஷயத்தில் நான் ஏமாந்தேன், நீங்கள் ஏமாற வேண்டாம். அப்பாவுடைய மோதிரம் செராமிக். ஆசாரியிடம் கொடுத்துப் பெரிசாக்கவோ சின்னதாக்கவோ முடியாது. காலையில் அளவு எடுத்து வாங்கினேன். சித்திரை வெயிலில், அதுவும் வேலூர் வெயிலில், விரல் வீங்கி மோதிரம் கழலவே இல்லை. சோப்பு நுரை போட்டு அரை மணி நேரம் உருட்டி உருட்டி எடுத்தோம். இரண்டாவது முறை சாயங்காலம் அளவு எடுத்தேன், கணுவைத் தாண்டி இறங்குகிற அளவாகப் பார்த்து. மொசைக் தரையில் விழுந்தால் விரிசல் விடும், கவனம். அம்மா மேலே தங்கத் தகடு சுற்றலாமே என்றார். சுற்றினால் உலோகம் அலையை மறைத்துவிடும், மெஷினுக்கு மோதிரம் தெரியாது. கார்டு மாதிரி இதற்கும் காலாவதித் தேதி உண்டு, வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் தோல் ஆலையிலோ ஷூ கம்பெனியிலோ மெஷினில் வேலை பார்க்கிறவர் என்றால் தயவுசெய்து வேலை நேரத்தில் போடாதீர்கள். மெஷினில் மோதிரம் மாட்டினால் விரலே போய்விடும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் போகும்போதும் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும், உள்ளே கம்பி இருக்கிறது.

இன்று இரவு போன மாதச் செலவை எடுத்துப் பாருங்கள். பத்துக் கடையில் நாலு கடையிலாவது ஸ்வைப் மெஷின் இருந்தால் வாங்கலாம். டீக்கும் காய்கறிக்கும்தான் அதிகம் போயிருக்கிறது என்றால் ஃபோனே போதும். வீட்டில் கை நடுங்குகிற பெரியவர் யாராவது இருந்தால், அவர் போகிற ஒரே ஒரு மருந்துக் கடையில் மெஷின் இருந்தாலும் சரி, அவருக்கு வாங்கிக் கொடுங்கள்.