நெல் விலையும் மௌனமும்

கேள்வி: எங்கள் ஊர் ஏழை விவசாயிகள் செல்வந்தர்களைப் பற்றிக் குறைகூறுவதில்லை. வருமான ஏற்றத்தாழ்வை விதியென்று ஏற்றுக்கொண்டுவிட்டார்களா?
– வாசகி ஒருவர், தம்பலகாமம்

பதில்: அப்படி நான் நினைக்கவில்லை. கொழும்புச் செல்வந்தரின் வருமானம் தம்பலகாமத்துக் குத்தகை விவசாயியின் கணக்கில் வருவதேயில்லை. பக்கத்து வயல்காரர் உழைத்து உழவு இயந்திரம் வாங்கினால், அதை அவர் பெரும்பாலும் அநீதியாகக் கருதுவதுமில்லை. அவரை வருத்துவது வேறு. விதைநெல்லுக்கும் உரத்துக்கும் பட்ட கடனை அறுவடையோடு அடைக்க வேண்டியிருப்பதாலும், காயவைக்கக் களமோ சேமிக்கக் களஞ்சியமோ இல்லாததாலும், பெரும்போக நெல்லை ஈரத்தோடு, விலை தாழ்ந்திருக்கும் மாசி, பங்குனியிலேயே விற்றுவிடுகிறார். பின்னர் ஏறும் விலையோ, வாங்கி வைத்துக் காத்திருக்கக்கூடியவருக்கே சேர்கிறது. விவசாயிகளிடம் நெல் வாங்கும் அரச நிறுவனமான நெல் சந்தைப்படுத்தல் சபையின் முழு விலையும் ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேற்படாத நெல்லுக்கே உரியது என்பதால், அரசின் உதவிகூடக் களம் உள்ளவரையே முதலில் எட்டுகிறது. இது எனக்குப் பெரும் அநியாயமாகவே படுகிறது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோதும், சேமிப்பில்லாத சிறு விவசாயிக்கே அடி பலமாக விழுந்தது.

அவருடைய மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளாதீர்கள். கடன் கொடுத்தவரே நெல்லையும் வாங்குபவராக இருக்கும்போது, விலையைப் பற்றி வாய்திறப்பது அடுத்த போகத்துக்கான கடனை இழக்கச் செய்யலாம்.